நரம்பில் அடிபட்டால் கை கால் திரும்ப அசையுமா, அது எப்போது தெரியும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெங்களூரில் பிசியோதெரபிஸ்டாக வேலை பார்க்கிறேன். ஓசூர், கிருஷ்ணகிரி, தர்மபுரியிலிருந்து காலை பஸ் பிடித்து வருகிறவர்கள், இங்கேயே அல்சூர், ஸ்ரீராமபுரம், விவேக்நகர் பக்கம் இருக்கிற நம் ஆட்கள் என்று யாராவது கட்டுப்போட்ட கையோடு வந்து உட்கார்ந்து, டாக்டர் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் சொன்னதைத் தமிழில் ஒரு தடவை சொல்லச் சொல்வார்கள். அப்படிக் கேட்டவற்றில் திரும்பத் திரும்ப வருகிற கேள்விகள் இவை. கை கால்களுக்கு ஓடும் நரம்புகளைப் பற்றி மட்டும்தான் இங்கே பேச்சு. மூளையிலோ தண்டுவடத்திலோ அடி என்றால் அது வேறு கதை.

தானா வருமா, வராதா? அதை மட்டும் சொல்லுங்க.

அடிபட்ட அன்றைக்கே இதற்குப் பதில் சொல்கிறவர் யாராக இருந்தாலும் ஊகத்தில்தான் சொல்கிறார். உள்ளே என்ன நடந்திருந்தாலும் வெளியே பார்க்க ஒன்றுபோலத்தான் இருக்கும், கை தொங்கும், மரத்துப் போகும், அவ்வளவுதான். இரண்டாம் உலகப் போரில் காயம்பட்ட சிப்பாய்களைப் பார்த்துப் பார்த்து ஹெர்பர்ட் செட்டன் என்ற ஆங்கிலேய அறுவை மருத்துவர் 1943-ல் பிரித்து வைத்த மூன்று வகைதான் இன்றைக்கும் ரிப்போர்ட்டுகளில் வருகிறது. நியூராப்ராக்சியா என்று எழுதியிருந்தால் நரம்பு அமுங்கியதில் சிக்னல் மட்டும் நின்றிருக்கிறது, இழைகள் அறவில்லை, சில நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் பெரும்பாலும் முழுசாகவே திரும்பிவிடும். ஆக்சோனாட்மெசிஸ் என்றால் உள்ளே ஓடும் இழைகள் அறுந்துவிட்டன, ஆனால் சுற்றியிருக்கிற உறை மிச்சமிருக்கிறது, அதனால் இழை புதிதாக வளர்ந்து வர வழி இருக்கிறது. நியூராட்மெசிஸ் என்றால் நரம்பே துண்டாகிவிட்டது, தைக்காமல் வராது.

நடு வகைக்குள்ளேயே உறை எவ்வளவு கெட்டது, உள்ளே எவ்வளவு தழும்பு கட்டியது என்பதைப் பொறுத்து முடிவு தலைகீழாக மாறும். அதனால்தான் 1951-ல் சண்டர்லேண்ட் என்ற ஆஸ்திரேலிய மருத்துவர் இதை ஐந்து படியாக நீட்டினார். போதாததற்கு, ஒரே நரம்பில் பாதி இழை அமுங்கியும் பாதி அறுந்தும் இருக்கலாம். அப்படிப்பட்டவர்களுக்குக் கொஞ்சம் சீக்கிரம் வரும், அப்புறம் நின்றுபோன மாதிரி இருக்கும், பிறகு மிச்சம் மெதுவாக வரும்.

அப்படியானால் டாக்டரிடம் என்னதான் கேட்பது?

"வருமா" என்று கேட்காதீர்கள். "எந்தத் தசை முதலில் அசையணும், எந்த மாதத்துக்குள் அசையணும், அசையாவிட்டால் என்ன செய்வீர்கள்?" என்று கேளுங்கள். பதிலை ஃபைலில் எழுதித் தரச் சொல்லுங்கள். இந்தப் பக்கத்தில் மற்றதெல்லாம் மறந்துபோனாலும் பரவாயில்லை, இந்தக் கேள்வியை மட்டும் கொண்டுபோங்கள். வருகிற நரம்பு ஒரு வரிசைப்படி, ஒரு வேகத்தில் வரும். அந்த வரிசையும் வேகமும் தெரிந்தால் தாமதமாகிறதா என்பது உங்களுக்கே புரியும்.

நரம்பைத் தைத்தாச்சு, ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சதுன்னு சொன்னாங்க. ரெண்டு மாசமாச்சு, விரல் அசையவே இல்லையே?

அசையாமல் இருப்பதுதான் இப்போதைக்கு இயல்பு. அறுந்த ஒயரை முறுக்கி டேப் சுற்றினால் உடனே லைட் எரியும், நரம்பு அப்படியில்லை. வெட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிற இழை முழுவதும் சில நாட்களில் அழிந்துவிடும். 1850-ல் அகஸ்டஸ் வாலர் என்ற ஆங்கிலேய ஆய்வாளர் தவளையின் நரம்பை வெட்டிப் பார்த்துச் சொன்னது இது. டாக்டர் தைத்தது இழையை அல்ல, உறையை. அதற்குள் மேல் துண்டிலிருந்து புது இழை முளைத்து, தையலைத் தாண்டி, காலியான குழாய்க்குள் இறங்கித் தசை வரைக்கும் போய்ச் சேர வேண்டும். தையலைத் தாண்டவே சில வாரம் பிடிக்கும். அதற்கப்புறம் சுமாராக ஒரு நாளைக்கு 1 மில்லிமீட்டர். தோள் பக்கத்தில் கொஞ்சம் வேகம், விரல் பக்கம் போகப் போக மெதுவு.

எத்தனை மாசம்னு நாமே கணக்குப் போட முடியுமா?

தோராயமாக முடியும், தையல்காரர் டேப் போதும். அடிபட்ட இடத்திலிருந்து, அந்த நரம்பு முதலில் போய்ச் சேரும் தசை எத்தனை சென்டிமீட்டர் தள்ளி இருக்கிறது என்று டாக்டரிடமோ எங்களிடமோ கேட்டு அளந்துகொள்ளுங்கள். 1 சென்டிமீட்டருக்கு 10 நாள். அதோடு தொடக்கத் தாமதமாக ஒரு மாதம்.

மேல்கை எலும்பு நடுவில் முறிந்து, மணிக்கட்டையும் விரல்களையும் நிமிர்த்துகிற ரேடியல் நரம்பு அடிபட்டு மணிக்கட்டு தொங்குகிறது என்று வையுங்கள். முதல் தசை முழங்கையை ஒட்டி இருக்கிறது, தூரம் சுமார் 10 சென்டிமீட்டர். 100 நாள், அதோடு ஒரு மாதம், ஆக நாலு நாலரை மாதத்துக்குள் அங்கே ஏதாவது தெரிய வேண்டும். இதே கணக்கை, விரல்களின் நுணுக்கமான வேலையைப் பார்க்கிற அல்னார் நரம்பு முழங்கையில் அறுந்ததற்குப் போட்டால் உள்ளங்கைச் சின்னத் தசைகளுக்கு 30 சென்டிமீட்டர் வாக்கில் வரும், பத்து பதினோரு மாதம் ஆகிவிடும். அக்குளிலேயே அறுந்திருந்தால் ஒன்றரை வருஷத்தைத் தொடும்.

இங்கேதான் சிக்கல். நரம்பு வராத தசை சும்மா காத்துக்கொண்டிருக்காது, மெலிந்துகொண்டே போகும். 12 முதல் 18 மாதம் கழிந்த பிறகு நரம்பு வந்து சேர்ந்தாலும் தசை அதை ஏற்று வேலை செய்வது கஷ்டம். உணர்ச்சிக்கு இந்தக் கெடு இவ்வளவு கறார் இல்லை, தாமதமாகவும் ஓரளவு திரும்பும். ஆகவே ஒரு பக்கம் 1 மில்லிமீட்டர் வேகம், இன்னொரு பக்கம் தசையின் கெடு, இரண்டில் எது முந்துகிறது என்பதுதான் மொத்தக் கணிப்பும். அக்குளில் அறுந்த அல்னார் நரம்பைத் தைத்தாலும் விரல்களின் நுணுக்கமான வேலை ஏன் திரும்புவதில்லை என்பதற்கு இதுதான் காரணம், டாக்டரின் கைத்திறமை காரணமில்லை. அதற்காகவே இப்போது மணிக்கட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற வேறொரு நரம்பின் கிளையை எடுத்து அல்னாரோடு சேர்த்து, தூரத்தையே சுருக்கிவிடுகிறார்கள்.

"ஆறு மாசம் பார்ப்போம்" என்கிறார்கள். பார்க்கலாமா?

எந்தக் காயம் என்பதைப் பொறுத்தது. கத்தி, கண்ணாடி, டைல்ஸ் கட்டர் மாதிரி கூரான பொருள் வெட்டி, அதற்குக் கீழே மரத்தோ அசையாமலோ இருந்தால் ஆறு மாதம் என்ன, ஆறு வாரம்கூட அதிகம். நரம்பு அறுந்திருக்கிறது என்றே எடுத்துக்கொண்டு முதல் மூன்று நாளுக்குள் திறந்து பார்த்துத் தைப்பதுதான் முறை. தோலை மட்டும் தைத்து அனுப்பிவிடுகிற இடங்கள் இருக்கின்றன. அதனால் தையல் போடுவதற்கு முன்னாலேயே விரல் நுனியில் உணர்ச்சி இருக்கிறதா, ஒவ்வொரு மூட்டும் தனியாக மடங்குகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள், தசைநாண் (தசையை எலும்போடு இணைக்கும் கயிறு) அறுந்திருந்தாலும் அப்போதே தெரிந்துவிடும்.

பிரஸ் மெஷினில் மாட்டிக் கிழிந்து நசுங்கிய காயமென்றால் மூன்று வாரம் பொறுத்து, கெட்ட பகுதி எதுவரை என்று தெளிவான பிறகு சரிசெய்வார்கள். தோல் கிழியாத காயம், அதாவது எலும்பு முறிவு, அமுக்கம், இழுப்பு என்றால் மூன்று மாதம் வரை பார்க்கலாம். நாள், வாரம், மாதம், மூன்றுக்கும் மூன்று, ஞாபகம் வைத்துக்கொள்ள வசதி. மூன்று, நாலு மாதத்தில் கையிலும் ரிப்போர்ட்டிலும் துளி மாற்றமும் இல்லாதபோது இன்னும் மூன்று மாதம் பார்ப்போம் என்றால், கை அறுவை சிகிச்சை நிபுணர் ஒருவரிடம் தனியாகக் காட்டுங்கள். பொறுமை நல்லதுதான், ஆனால் இங்கே பொறுத்த மாதங்கள் தசையின் கெடுவிலிருந்துதான் கழிகின்றன.

நரம்பு டெஸ்டை உடனே எடுக்காமல் மூணு வாரம் கழிச்சு வரச் சொன்னாங்களே, ஏன்?

சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்கள். வெட்டுக்குக் கீழே இருக்கிற நரம்பு சாக ஒரு வாரம் பத்து நாள் ஆகும், அதுவரை அங்கே கரண்ட் கொடுத்துப் பார்த்தால் உயிரோடு இருப்பது போலவே காட்டும். ஊசி போட்டுத் தசையைப் பார்க்கும் ஈஎம்ஜியில் நரம்பு அறுந்ததற்கான அடையாளம் தெரிய இரண்டு மூன்று வாரம் ஆகும். முதல் வாரத்தில் எடுத்தால் அமுக்கமா அறுப்பா என்று பிரித்துச் சொல்ல முடியாது, காசு போனதுதான் மிச்சம்.

மூன்றாவது நாலாவது வாரத்தில் ஒன்று, மூன்று மாதத்தில் இன்னொன்று, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதில்தான் பலன். கண்ணுக்கு அசைவு தெரிவதற்குச் சில வாரம் முன்பே ஊசிக்கு அது தெரிந்துவிடும். பெங்களூரின் மூளை நரம்பியல் ஆஸ்பத்திரியான நிம்ஹான்ஸிலும் எடுக்கிறார்கள், மற்ற பெரிய ஆஸ்பத்திரிகளிலும் எடுக்கிறார்கள், எங்கே எடுத்தாலும் பழைய ரிப்போர்ட்டை மறக்காமல் கொண்டுபோங்கள். நரம்பு தொடர்ச்சியாக இருக்கிறதா துண்டாகிவிட்டதா என்று பார்க்க இப்போது நல்ல அல்ட்ராசவுண்ட் கருவிகள் வந்திருக்கின்றன, கைதேர்ந்தவர் பார்த்தால் அதற்காக மூன்று வாரம் காத்திருக்கவும் வேண்டாம்.

தட்டிப் பார்த்துட்டு பால்பென்னால கையில கோடு போடறாங்களே, அது எதுக்கு?

செலவில்லாத சோதனை, எனக்கு ரொம்பப் பிடித்தது. வளரும் இழையின் நுனி கூச்சமுள்ளது, அந்த இடத்தில் விரலால் தட்டினால் விரல் நுனிவரை சுரீரென்று ஓடும். கீழேயிருந்து மேல் நோக்கித் தட்டிக்கொண்டே வந்து, முதலில் சுரீரென்ற இடத்தில் கோடு போட்டு, எலும்பு முனையிலிருந்து எத்தனை சென்டிமீட்டர் என்று தேதியோடு எழுதி வைப்போம். அடுத்த மாதம் அந்த இடம் இரண்டு மூன்று சென்டிமீட்டர் இறங்கியிருந்தால் இழை நடந்துகொண்டிருக்கிறது. மாதக்கணக்கில் அதே இடத்திலேயே நின்று தட்டும்போதெல்லாம் துடிக்க வைத்தால் தழும்பில் முட்டி நிற்கிறது என்று சந்தேகப்பட வேண்டும். 1915-ல் பிரான்சில் டினெல், ஜெர்மனியில் ஹாஃப்மன் என்ற இரண்டு மருத்துவர்கள் தனித்தனியே இதை எழுதினார்கள். முதல் உலகப் போரில் எதிரெதிர் அணி நாடுகள். ஒரு எச்சரிக்கை, இது உணர்ச்சி இழைகளின் கணக்கு, கோடு இறங்கினால் தசையும் கட்டாயம் வரும் என்று அர்த்தமில்லை.

மணிக்கட்டு தொங்கிட்டிருந்தது. இப்போ கொஞ்சம் தூக்கறார். வந்துருச்சா?

எப்படித் தூக்குகிறார் என்று பாருங்கள். விரல்களை இறுக்கி மூடும்போது மணிக்கட்டு தானாகக் கொஞ்சம் மேலே ஏறும், தசைநாண் இழுப்பதால் வருவது அது, நரம்பு வந்ததால் அல்ல. விரலைத் தளர்வாக வைத்துக்கொண்டு தூக்கச் சொன்னால்தான் உண்மை தெரியும். இன்னொன்று, விரல் நுனி மூட்டுகளை நீட்டுவது வேறு நரம்பு, அவை நீண்டால் சந்தோஷப்படாதீர்கள், விரல்கள் உள்ளங்கையோடு சேரும் மூட்டுகள் நீள்கிறதா என்று பாருங்கள்.

முதலில் எதைத் தேட வேண்டும் என்றால், கட்டை விரல் மேலே பார்க்க, முழங்கையை மடக்கி, மேசை விளிம்புக்கு அடியிலிருந்து மேலே தள்ளச் சொல்லுங்கள். முன்கையின் மேல் ஓரத்தில் ஒரு தசை விறைத்து எழ வேண்டும். அதுதான் முதலில் வருவது. அடுத்து மணிக்கட்டைத் தூக்கும் தசை, பிறகு விரல்கள், கடைசியில்தான் கட்டை விரல். கடைசியில் வர வேண்டியதை முதல் மாதத்திலிருந்து வெறித்துப் பார்த்து மனசொடிந்து போகிற குடும்பத்தார் நிறைய. ஞாயிற்றுக்கிழமை தோறும் ஒரே மேசையில், ஒரே கோணத்தில் செல்போனில் வீடியோ எடுத்து வையுங்கள், உங்கள் நினைவைவிட அது நம்பகமானது.

மேல்கை எலும்பு முறிவோடு வரும் ரேடியல் நரம்புப் பாதிப்பில் பத்தில் ஏழு பேருக்கு வாக்கில் தானாகவே திரும்பிவிடுகிறது. நரம்புக் காயங்களில் நல்ல செய்தி சொல்ல வாய்ப்புள்ள ஒன்று இது. அதுவரை ஸ்பிளின்ட் (மூட்டைத் தாங்கிப் பிடிக்கும் பட்டை) போட்டு, மூட்டு இறுகாமல் தினமும் மறு கையால் அசைத்துக்கொடுப்பது கட்டாயம், நரம்பு வந்து சேரும்போது மூட்டு இறுகிக் கிடந்தால் வந்தும் புண்ணியமில்லை.

உணர்ச்சி வருதான்னு வீட்டிலேயே எப்படிப் பார்க்கறது?

பாத்திரம் தேய்த்து முடித்த கையைப் பாருங்கள். ரொம்ப நேரம் தண்ணீரில் ஊறினால் விரல் நுனி சுருங்கும் இல்லையா, நரம்பு அறுந்த விரல் சுருங்காது, மழமழவென்று அப்படியே இருக்கும். வியர்க்கவும் வியர்க்காது. "தெரியுதா, தெரியுதா" என்று கேட்டால் பதில் சொல்லத் தெரியாத சின்னக் குழந்தைகளுக்கு இது ரொம்ப உதவும்.

அதுவரை அந்த விரலை நம்பிச் சூடான டம்ளரைத் தொடாதீர்கள். தோசைக்கல்லில் சுட்டுக்கொண்டது கொப்புளம் வந்த பிறகுதான் தெரிகிறது. டிசம்பர் மாதப் பெங்களூர் காலைக் குளிரில் விரல் நீலமாகி வலித்தால் பயப்படாதீர்கள், குளிர் தாங்காமை இதில் வழக்கம், கையுறை போடுங்கள்.

தம்பி ஓசூர் ரோட்டில் பைக்கிலிருந்து விழுந்தான். எலும்பு முறியவில்லை, ஆனால் தோளிலிருந்து கை மொத்தமும் செத்துக் கிடக்கு.

தோள் தரையில் மோதி, தலை எதிர்ப்பக்கம் திரும்பும்போது கழுத்தில் ஐந்து வேர்களாகத் தொடங்கிக் கைக்குப் போகும் நரம்புக் கொத்து இழுபடும். இதில் காத்திருக்கும் பேச்சே கூடாது, முதல் மாதத்திலேயே இதற்கென்று இருக்கிற நிபுணரைப் பார்த்துவிட வேண்டும். வேர் தண்டுவடத்திலிருந்தே பிடுங்கப்பட்டிருந்தால் தானாக வராது. அந்தப் பக்கத்துக் கண்ணிமை லேசாக இறங்கி, கண்மணி சின்னதாகத் தெரிந்தாலோ, மரத்த கையில் தீப்பிடித்த மாதிரி வலித்தாலோ அந்தச் சந்தேகம் பலப்படும். அறுவை செய்வதாக இருந்தால் மூன்றிலிருந்து ஆறு மாதத்துக்குள் செய்வதே நல்லது. மேல்பகுதி வேர்கள் மட்டும் போயிருந்தால், வேலை செய்கிற அல்னார் நரம்பிலிருந்து ஒரு சின்னக் கற்றையை எடுத்து முழங்கையை மடக்கும் தசைக்குக் கொடுக்கும் முறை இருக்கிறது. 1994-ல் பிரான்சில் ஓபர்லின் என்ற அறுவை மருத்துவர் எழுதியது, இன்று பரவலாகச் செய்கிறார்கள். ஐந்து வேரும் போயிருந்தால் நேராகவே சொல்லிவிடுகிறேன், தோளும் முழங்கையும் ஓரளவு திரும்பினாலே பெரிய விஷயம், விரல்கள் பழையபடி வேலை செய்வது அரிது.

வயசு, சுகர் எல்லாம் இதில் சேருமா?

சேரும். குழந்தைகளுக்குத் தூரமும் குறைவு, மூளை புது இணைப்பைப் பழகுவதும் வேகம். வயதானவர்களுக்கும் சர்க்கரை இருப்பவர்களுக்கும் மெதுவு. சிகரெட்டை நிறுத்துங்கள். கூரான வெட்டு, நசுங்கல், இழுப்பு என்ற வரிசையில் வாய்ப்பு குறைந்துகொண்டே போகும்.

பி12 மாத்திரை, எண்ணெய், கரண்ட் ட்ரீட்மென்ட், எது நரம்பை வளர்க்கும்?

உடம்பில் பி12 குறைவாக இருந்தால் அதைச் சரிசெய்தே ஆக வேண்டும். மெட்ஃபார்மின் சாப்பிடும் சர்க்கரைக்காரர்களுக்கு அப்படிக் குறைவது உண்டு. குறைவில்லாதவருக்கு மாத்திரை போட்டால் அறுந்த நரம்பு வேகமாக வளரும் என்பதற்கு மனிதர்களிடம் உறுதியான சான்று இல்லை. எண்ணெய் தேய்த்தால் தோலுக்கு நல்லது, மூட்டும் அசையும், தேய்க்கட்டும், சூடாக்கி ஊற்ற வேண்டாம். நாங்கள் வைக்கும் கரண்ட் தசையைத் துடிக்க வைக்கும், நரம்பை இழுத்துக்கொண்டு வராது. பிசியோதெரபிஸ்டே இப்படிச் சொல்கிறாரே என்று நினைக்காதீர்கள், பயிற்சிக்கு வராமல் கரண்டுக்கு மட்டும் வருகிறவர்களைப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது.

எறும்பு ஊர்ற மாதிரி, ஷாக் அடிக்கிற மாதிரி இருக்கு. கெடுதலா?

பெரும்பாலும் இல்லை, இறங்கிக்கொண்டே வந்தால் நல்ல அறிகுறிகூட. தூங்கவிடாத எரிச்சல், துணி பட்டாலே தாங்க முடியாத வலி, கை வீங்கி நிறம் மாறுவது, இவை வேறு, அந்த வாரமே டாக்டரிடம் போங்கள்.

இடுப்பில் ஊசி போட்டதும் சுரீர்னு வலிச்சது, அப்புறம் கால் பாதம் தூக்க முடியலை.

புட்டத்தில் தவறான இடத்தில் போட்டால், காலுக்கு இறங்கும் பெரிய நரம்பான சயாட்டிக் நரம்பில் பட்டுவிடும். ஊசி போட்ட நாளும் மருந்தின் பெயரும் எழுதி வைத்துக்கொண்டு உடனே காட்டுங்கள், பாதம் கீழ்நோக்கி இறுகாமல் இருக்க ஸ்பிளின்ட் போடுங்கள். மற்றபடி மூன்று வாரம், மூன்று மாதம் என்ற அதே கணக்குதான்.

ஃபேக்டரியில் அடிபட்டது. இத்தனை மாசம் வேலைக்குப் போகாமல் எப்படி?

இஎஸ்ஐ (தொழிலாளர் அரசுக் காப்பீடு) இருந்தால், வேலையில் ஏற்பட்ட காயத்துக்கு வேலை செய்ய முடியாத காலம் முழுக்கச் சராசரி தினக்கூலியில் 90 சதவீதம் உதவித்தொகை உண்டு. பீனியா, பொம்மசந்திரா பக்கத்திலிருந்து வருகிறவர்களில் பலர் விபத்தை எழுத்தில் பதிவு செய்யாமலே வந்துவிடுகிறார்கள், சூப்பர்வைசர் "அப்புறம் பார்த்துக்கலாம்" என்பார். அன்றைக்கே விபத்துப் பதிவேட்டில் ஏற்றச் சொல்லி, ஒரு நகலைப் போட்டோ எடுத்து வையுங்கள். மாற்றுத்திறனாளி சான்றிதழில் தற்காலிகம், நிரந்தரம் என்று இரண்டும் உண்டு. நரம்பு இன்னும் வந்துகொண்டிருக்கும்போது நிரந்தரச் சான்றிதழ் தர மாட்டார்கள்.

ஒன்றரை வருஷமாச்சு, நரம்பு வரவே இல்லை. இனி ஒண்ணும் செய்ய முடியாதா?

முடியும். வேலை செய்கிற தசையின் நாணை எடுத்து, வேலை செய்யாத இடத்தில் இணைக்கலாம். மணிக்கட்டு தொங்கினால், முன்கையைத் திருப்பும் தசைகளில் ஒன்றை மணிக்கட்டைத் தூக்கவும், மணிக்கட்டை மடக்கும் தசைகளில் ஒன்றை விரல்களை நீட்டவும் மாற்றுவார்கள். தொழுநோயால் விரல்கள் மடங்கிப்போனவர்களுக்கு வேலூர் சிஎம்சி ஆஸ்பத்திரியில் பால் பிராண்ட் என்ற அறுவை மருத்துவர் 1940-களின் கடைசியிலேயே இந்த வகை அறுவையைத் தொடங்கிவிட்டார், ஆக நம் பக்கத்துக்கு இது பழகிய வைத்தியம்தான். இதற்குத் தசையின் கெடு எல்லாம் கிடையாது, வருஷங்கள் கழித்தும் செய்யலாம், மூட்டு மட்டும் இறுகாமல் இருக்க வேண்டும். மூன்று நாலு வாரம் கட்டு, அப்புறம் பழைய தசைக்குப் புது வேலை கற்றுக்கொடுக்க எங்களிடம் சில வாரங்கள். ரேடியல் நரம்புக்காரர்களில் பலர் இதற்குப் பிறகு பைக் ஹேண்டிலைப் பிடிக்கிறார்கள், சட்டை பட்டன் போடுகிறார்கள். உணர்ச்சியை மட்டும் இந்த அறுவை திருப்பித் தராது.